ஏவத் தெரிந்தால் போதுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் வலது கையில் விரல்கள் இருக்கின்றன என்பதை நான் உண்மையாக உணர்ந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவற்றால் சாப்பிட்டு வந்திருக்கிறேன்; அவற்றால் எழுதித்தான் பிழைத்தும் வருகிறேன். இருந்தாலும் ஒரு பொருள் நம்முடையது என்பது, அது நம்மை விட்டுப் போகப் பார்த்த பிறகுதானே நன்றாகத் தெரிகிறது?

கோயம்புத்தூருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஒரு குளம். அங்கே ஒருவர் பொம்மை விமானம் விடுகிறார், வந்து பாருங்கள் என்று ஒரு நண்பர் அழைத்துப் போனார். பொம்மை விமானம் என்றதும் சாவி கொடுத்தால் ஓடுகிற தகர விளையாட்டுச் சாமானைத்தான் நான் கற்பனை செய்துகொண்டு போனேன். போய்ப் பார்த்தால், ஆள் உயரத்துக்கு இறக்கை விரித்துக்கொண்டு ஒரு விமானம் நிற்கிறது. மூக்கில் நிஜமான பெட்ரோல் எஞ்சின். அதற்கு முன்னால் பளபளவென்று மெருகேறிய மரத்தில் புரொபெல்லர் என்கிற விசிறி. அதை விடுகிறவர் சிறு பையன் அல்ல. எழுபது வயதை நெருங்கிய ஒரு பட்டறை மேஸ்திரி. ஆயுள் முழுவதும் லேத்துக்கு முன்னால் நின்று மோட்டார் உருப்படிகளைக் கடைந்தவர். அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை என்பதை வணக்கம் சொல்லும்போதே கவனித்தேன். லேத்தில் போயிருக்கும் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன்.

மேஸ்திரி எஞ்சினை இரண்டு மூன்று தரம் சுற்றிப் பார்த்தார். அது கிளம்பவில்லை. ஏதோ ஸ்பானர் எடுப்பதற்காகக் காருக்குத் திரும்பினார். அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்த காரியம், எந்தப் படித்த மனிதனும் செய்யக்கூடிய முட்டாள்தனம். எஞ்சின்தான் ஓடவில்லையே என்ற தைரியத்தில், மேஜை விசிறியைச் சுற்றிப் பார்க்கும் குழந்தையைப் போல, அந்த மர விசிறியின் நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கையை எடுங்க சாமி!"

அந்தச் சத்தத்தில் குளக்கரை அரசமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. நான் விலகி நின்றேன். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் வந்தார். விமானத்தின் வால் கயிற்றால் முளையோடு கட்டப்பட்டிருப்பதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு முழ நீளமுள்ள கட்டையை எடுத்து, என்னைப் பின்னால் நிறுத்திவிட்டு, விசிறியை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். முன்பு எத்தனை தட்டியும் கிளம்பாத எஞ்சின் அந்த ஒரு தட்டில் உறுமிக் கிளம்பியது. விசிறி கண்ணுக்கு மறைந்துபோயிற்று. தட்டிய கட்டையின் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்கு மரம் சீவப்பட்டிருந்தது. என் விரல் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

"சுவிட்சு போட்டபடியே இருந்துதுங்க. உள்ளே பெட்ரோலும் நின்னுட்டு இருந்துது. உங்க கைக்காகத்தான் காத்துட்டு இருந்துது" என்றார். பிறகு தம் இடது கையைக் காட்டினார். "இதுவும் லேத்துல போனதில்லீங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு மகாபாரதம் ஞாபகம் வந்தது. யுத்தமெல்லாம் முடிந்த பிறகு அசுவத்தாமன் ஒரு புல்லை எடுத்துப் பிரம்மாஸ்திரமாக ஏவுகிறான். அர்ச்சுனனும் பதிலுக்கு ஏவுகிறான். உலகம் எரிந்துபோகுமே என்று வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்று, இருவரும் அஸ்திரத்தைத் திரும்பப் பெறுங்கள் என்கிறார்கள். அர்ச்சுனன் பெற்றுக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. அவனுக்கு ஏவத்தான் தெரியும், அடக்கத் தெரியாது. இருவருக்கும் பாடம் சொன்னவர் ஒரே துரோணர்தான். ஆனால் ஒருவன் பாதிப் பாடத்தோடு நின்றுவிட்டான்.

பொம்மை விமானத்தில் பெட்ரோல் எஞ்சின் வந்து சேர்ந்த சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது, அது முழுவதும் இந்த மற்றப் பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்ட சரித்திரமாகவே எனக்குத் தோன்றியது.

பெட்ரோல் எஞ்சினோடு ஆகாயத்தில் எழும்பிய முதல் விமானம் ரைட் சகோதரர்களுடையது என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். மனிதன் ஏறிய விமானம் என்றால் அது சரி. ஆனால் அதற்கு முன்பே, 1901-ஆம் வருஷம் ஜூன் 18-ஆம் தேதி, ஆள் இல்லாத ஒரு சிறு விமானம் பெட்ரோல் எஞ்சினால் பறந்துவிட்டது. அதைச் செய்தவர் சாமுவேல் லாங்லி. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் காரியதரிசி. பெரிய விமானம் கட்டுவதற்கு முன்னால், அதில் கால் பங்கு அளவுக்கு ஒரு மாதிரி செய்து, போட்டோமாக் நதியில் ஒரு படகு வீட்டின் கூரையிலிருந்து அதை விட்டுப் பார்த்தார். அது சிறிது தூரம் பறந்து தண்ணீரில் இறங்கியது. கிழவருக்குப் பரம சந்தோஷம். ஆனால் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் ஆளை ஏற்றி விட்ட பெரிய விமானம் இரண்டு முறையும் நேராக நதியில் விழுந்தது. ஓட்டியவர் நனைந்ததோடு தப்பினார். இரண்டாவது தோல்வி நடந்த ஒன்பதாம் நாள், டிசம்பர் 17-ஆம் தேதி, ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள்.

லாங்லிக்கும் ரைட் சகோதரர்களுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குப் புரிந்த வரையில் அது இதுதான். லாங்லி சக்தியை நினைத்தார். ரைட் சகோதரர்கள் கட்டுப்பாட்டை நினைத்தார்கள். எஞ்சினே இல்லாமல் வருஷக்கணக்காகக் காற்றில் சறுக்கிச் சறுக்கி, விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் கற்றுக்கொண்ட பிறகே அவர்கள் எஞ்சினைப் பற்றி யோசித்தார்கள். அடக்கத் தெரிந்துகொண்ட பிறகு ஏவினார்கள்.

லாங்லியின் சிறு விமானத்துக்குப் பிறகு பொம்மை விமானக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினை அதிகம் நாடவில்லை. காரணம், எஞ்சின் கனம். பெரும்பாலும் முறுக்கிய ரப்பர் நாடாவிலேயே காலம் தள்ளினார்கள். இங்கிலாந்தில் ஸ்டேஞ்சர் என்பவர் 1914-ல் தம் பெட்ரோல் விமானத்தை 51 விநாடி பறக்கவிட்டார். 51 விநாடி! நாம் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிற காலம். அப்படியும் அந்தச் சாதனையை முறியடிக்கப் பதினெட்டு வருஷம் பிடித்தது. 1932-ல் பௌடன் என்ற ராணுவ அதிகாரி, 28 சி.சி. எஞ்சின் பூட்டிய ஒரு விமானத்தை 71 விநாடி பறக்கவிட்டார்.

அதே சமயத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில், பில் பிரவுன் என்ற பள்ளிக்கூடத்துப் பையன் வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்ரோல் எஞ்சினைக் கடைந்து முடித்தான். அதன் கொள்ளளவு சுமார் 10 சி.சி. நம்முடைய ஸ்கூட்டர் எஞ்சினில் பத்தில் ஒரு பங்குதான். அவனுக்கு மாக்ஸ்வெல் பாஸெட் என்று ஒரு தோழன்; விமானம் கட்டுவதில் கெட்டிக்காரன். இவன் எஞ்சினும் அவன் விமானமும் சேர்ந்தன. 1933-ல் நியூயார்க் ரூஸ்வெல்ட் மைதானத்தில் நடந்த தேசியப் போட்டியில், ரப்பர் முறுக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பாஸெட் முக்கியமான பரிசுகளை வாரிக்கொண்டு போனான். இது அநியாயம் என்று மற்றவர்கள் முறையிட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெட்ரோல் விமானங்களுக்குத் தனிப் பிரிவு வைத்துவிட்டார்கள். 1934 முதல் 'பிரவுன் ஜூனியர்' என்ற பெயரில் அந்த எஞ்சின் கடைக்கே வந்தது.

அந்த எஞ்சின் வேலை செய்கிற விதத்தை இங்கே சற்றுச் சொல்லிவிடுகிறேன். என் விரல்களின் கதையும் அதில்தான் அடங்கியிருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலே போய் அதை இறுக்குகிறது. உச்சியை நெருங்கும்போது பேட்டரியிலிருந்து காயில் வழியாக வருகிற மின்சாரம் பிளக்கின் முனையில் ஒரு பொறியாகத் தெறிக்கிறது. கலவை தீப்பிடித்து வெடிக்கிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, விசிறி சுழல்கிறது. ஓடுகிற எஞ்சினுக்குப் பொறி சற்று முன்னதாகவே தெறிக்க வேண்டும். கையால் சுற்றிக் கிளப்பும்போதோ தாமதமாகத் தெறிக்க வேண்டும். அப்படியல்லாமல் முன்னதாகத் தெறித்தால், உச்சிக்குப் போய்ச் சேராத பிஸ்டனை வெடிப்பு வந்த வழியே திருப்பி அடித்துவிடும். விசிறி எதிர்ப்புறமாகச் சுழன்று, சுற்றிய விரலையே தாக்கும். இதற்காகவே பழைய எஞ்சின்களில் பொறியின் நேரத்தை மாற்றுவதற்கு ஒரு சிறு கைப்பிடி இருந்தது. பொறியைத் தாமதப்படுத்திக் கிளப்பு, ஓட ஆரம்பித்ததும் முன்னே தள்ளு என்பது முதல் பாடம். அதை மறந்தவர்களை அவர்கள் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் காலத்தில் விரலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கிளம்பிய விமானத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? 1934 மே மாதத்தில் பாஸெட்டின் விமானம் ஒன்று நியூ ஜெர்ஸியில் உள்ள காம்டனில் கிளம்பி, 2 மணி 35 நிமிஷம் பறந்து, அடுத்த மாநிலமான டெலவேரில் போய் இறங்கியது. பத்திரிகைக்காரர்களுக்கு இது பிரமாதமான செய்தி. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கண்ணும் காதும் இல்லாத ஒரு யந்திரம், மூக்கில் சுழலும் கத்தியோடு, வயிற்றில் பெட்ரோலோடு, இரண்டரை மணி நேரம் ஊர்களின் மேலே போகிறது. கீழே பள்ளிக்கூடம் இருக்கலாம், வைக்கோற்போர் இருக்கலாம், தொட்டிலில் குழந்தை தூங்கலாம். விட்டவன் கையில் ஒன்றுமே இல்லை. அசுவத்தாமன் புல்லை ஏவிவிட்டு நிற்கிறானே, அதே நிலைமைதான். ஆகவே போட்டிகளில் முதலில் பெட்ரோலை அளந்து ஊற்றச் சொன்னார்கள். பிறகு குறித்த விநாடிகளுக்கு மேல் எஞ்சின் ஓடாதபடி ஒரு கடிகாரத்தை வைத்துப் பொறியைத் துண்டிக்கச் சொன்னார்கள். பெட்ரோல் விமானத்துக்கு முதலில் கிடைத்த கடிவாளம் இதுதான்.

இதைவிட நல்ல கடிவாளம் ரேடியோ. ஆனால் அங்கே ஒரு வேடிக்கையான சங்கடம் இருந்தது. பொறி என்பதே ஒரு ரேடியோ. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி முதல் கம்பியில்லாச் செய்தியை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தாரே, அந்தச் செய்தியை அனுப்பியது மின்பொறிதான். எங்கே மின்சாரம் பொறியாகத் தெறித்தாலும் அது ஆகாயத்தில் அலையைக் கிளப்பும். மோட்டார் போகும்போது வீட்டு ரேடியோ கரகரப்பதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். இப்போது பொம்மை விமானத்துக்குள் பொறி தெறிக்கிற எஞ்சினும், மெல்லிய ரேடியோ சமிக்ஞையைக் கேட்க வேண்டிய பெட்டியும் ஒரே கூட்டில் குடியிருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் இருப்பது போல. ஓயாமல் கூச்சலிடுகிறவளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் யாரோ முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா?

இந்தக் குடித்தனத்தை நடத்திக்காட்டியவர்கள் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள். மிச்சிகன் மாநிலத்தில் கலமஸூ என்ற ஊரில் கல்லூரி மாணவர்கள். வால்டருக்கு விமானத்தில் பைத்தியம், வில்லியமுக்கு ரேடியோவில் பைத்தியம். தம்பதிகளுக்குள்கூட அமையாத பொருத்தம்! வால்டர் எட்டடி இறக்கையுள்ள ஒரு விமானம் கட்டினார். வில்லியம் ரேடியோவைச் செய்தார். கீழேயிருந்து சமிக்ஞை போனால், ரப்பர் நாடாவின் முறுக்கால் இயங்குகிற ஒரு சின்னப் பொறியமைப்பு, கடிகாரத்தின் பல்சக்கரம் போல ஒவ்வொரு பல்லாக நகர்ந்து வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும். 'பிக் கஃப்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1937-ல் அது பறந்தது. திரும்பு என்றால் திரும்பியது. கிளம்பிய இடத்துக்கே வந்தது. 1940-லும் 1947-லும் தேசியப் போட்டியில் அது முதல் பரிசு வாங்கியது. இப்போது ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் ஆகாய விமானக் காட்சிசாலையில் இருக்கிறது. லாங்லியின் நிறுவனத்துக்கு, அவர் கற்காமல் விட்ட பாதிப் பாடம் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரித்திரம் இதோடு நின்றிருந்தால் நான் ஒரு கதாசிரியன் என்ற முறையில் ஏமாந்துபோயிருப்பேன். நல்ல வேளையாக, இங்கே ஒரு சினிமா நடிகர் நுழைகிறார்.

ரெஜினால்ட் டென்னி இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலக யுத்தத்தில் விமானப் படையில் இருந்தவர். பிறகு ஹாலிவுட்டுக்குப் போய்ப் பேசாப்படக் காலத்தில் நட்சத்திரமானார். ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' படத்தில் பங்களாவின் காரியஸ்தராக வருபவர் அவர்தான். 1930-களில் அவர் ஹாலிவுட்டில் பொம்மை விமானக் கடை ஒன்று வைத்தார். சொந்தப் பெயரில் விமானம் விற்றார். வால்டர் ரைட்டர் என்பவர் அமைத்துக் கொடுத்த 'டென்னிமைட்' எஞ்சினும் விற்றார். பீரங்கிக்காரர்கள் பறக்கிற விமானத்தைச் சுட்டுப் பழகுவதற்கு ரேடியோவால் செலுத்துகிற ஆளில்லாத விமானம் உதவுமே என்ற யோசனையை அமெரிக்க ராணுவத்திடம் எடுத்துக்கொண்டு போனார். 'ரேடியோபிளேன்' கம்பெனி பிறந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 15,000 விமானங்கள் அங்கே உற்பத்தியாயின. கவணில் வைத்து எறிவது போல யந்திரத்தால் எறிந்து அவற்றைக் கிளப்புவார்கள். குண்டுக்குத் தப்பினால், பாராசூட்டை விரித்து மெதுவாகத் தரைக்கு இறக்குவார்கள். இங்கேதான் பார்க்க வேண்டும்: அந்த விமானத்தில் எறிவதற்கு எவ்வளவு யோசனையோ, இறக்குவதற்கும் அவ்வளவு யோசனை இருந்தது.

அந்தப் பாராசூட்டுகளைப் பரிசோதித்த பெண்களில் நார்மா ஜீன் என்று ஒருத்தி. வயது 18. கணவன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். யுத்தத் தொழிலில் பெண்கள் உழைப்பதைப் படம் பிடிக்க ராணுவத்திலிருந்து டேவிட் கானவர் என்ற புகைப்படக்காரர் வந்தார். விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அவளை எடுத்தார். அந்தப் படங்களிலிருந்து அவள் மாடலானாள், மாடலிலிருந்து நடிகையானாள். மர்லின் மன்றோ என்றால் உங்களுக்குத் தெரியும். 36 வயதில், 1962-ல், தூக்க மருந்தின் மிகுதியால் அவள் இறந்துபோனதும் தெரியும். புகழ் என்பதும் ஒருவிதத்தில் பெட்ரோல் எஞ்சின்தான். கிளப்பிவிடப் பலர் வருவார்கள். ஆயிரக்கணக்கான யந்திரங்கள் பத்திரமாக இறங்குவதற்குக் குடையைத் தடவித் தடவிப் பார்த்த பெண்ணுக்கு, அவளுக்கென்று ஒரு குடை அகப்படவில்லை. இதை நான் கதையாக எழுதியிருந்தால், ரொம்பவும் பொருத்தமாக இருக்கிறது, நம்ப முடியவில்லை என்று நீங்கள் கடிதம் எழுதியிருப்பீர்கள்.

யுத்தத்துக்குப் பிறகு பெட்ரோலுக்குப் போட்டி வந்தது. 1947-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ரே ஆர்டன், பொறி தெறிக்காத ஒரு பிளக்கை வெளியிட்டார். அதற்குள் பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. கிளப்பும்போது மட்டும் பேட்டரியால் அதைச் சூடேற்றினால் போதும். பிறகு மெதனால் என்ற சாராயத்தின் ஆவி அதில் பட்டு, கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். காயில் வேண்டாம், விமானத்தில் பேட்டரி சுமக்க வேண்டாம், ரேடியோவுக்குக் கூச்சல் இல்லை. எஞ்சினுக்கு வழுவழுப்பாக அதில் கலந்தது, நம் பாட்டிமார் மாதத்துக்கு ஒரு தரம் நமக்குப் புகட்டிய அதே விளக்கெண்ணெய். சில வருஷங்களில் பெட்ரோல் எஞ்சின் மூலைக்குப் போயிற்று.

ஆனால் இந்தப் புதியவனிடம் ஒரு குறை. நிறுத்துவதற்குச் சுவிட்ச் கிடையாது. பொறி எஞ்சினில் சுவிட்சைத் தட்டினால் அந்தக் கணமே உயிர் போய்விடும். கம்பி கனலும் எஞ்சினிலோ எண்ணெயையோ காற்றையோ அடைத்து மூச்சுமுட்டவைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதனால், 1970-களின் பிற்பகுதியில் பெரிய பெரிய விமானங்கள் கட்டுகிற ஆசை வந்து, மரம் அறுக்கும் ரம்பத்திலும் புல் வெட்டும் யந்திரத்திலும் இருந்த சிறு எஞ்சின்களைக் கழற்றி விமானத்தில் மாட்டியபோது, பெட்ரோலோடு அந்தப் பழைய சுவிட்சும் திரும்பி வந்தது. என் மேஸ்திரியிடம் இருந்தது அந்த வம்சத்து எஞ்சின்தான். முன்பு மூன்று பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு கெட்டியான எண்ணெய் கலந்தார்கள். இப்போது முப்பது, நாற்பது பங்குக்கு ஒரு பங்கு போதும். பொறியின் நேரத்தை முன்பின்னாக மாற்றுகிற வேலையையும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் எந்தப் பெட்டியும் பார்த்துக்கொள்ளாத விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை மேஸ்திரி அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால், நான் படித்த சரித்திரத்தின் ஓர் ஏடு இருந்ததைப் பிறகு கண்டுகொண்டேன்.

சுவிட்ச் அணைந்திருந்தாலும் எரிகிறது என்றே நினைக்க வேண்டும். பார்த்தது போதாது, தொட்டுப் பார்த்த பிறகே விசிறியிடம் போக வேண்டும். விமானத்தைக் கட்டிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். கிளம்பிய பிறகு எல்லா வேலையும் பின்பக்கத்திலிருந்து. விசிறிக்கு எதிரிலும் நிற்கக் கூடாது, அதன் பக்கவாட்டிலும் நிற்கக் கூடாது. இறக்கை முறிந்தால் துண்டு பக்கவாட்டில்தான் பாயும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 அங்குல விசிறி நிமிஷத்துக்கு 7,000 தரம் சுழன்றால், அதன் நுனி மணிக்குச் சுமார் 670 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணுக்குத் தெரியாத கத்தி அது. கீறல் விழுந்த விசிறியை ஒட்டவைத்து உபயோகிக்கிறவன் காசை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறான். எதைக் கொடுத்துப் பிடிக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் அங்கே ஆகாது. நான் முதல் நாள் போட்டிருந்த மேல்துண்டை மேஸ்திரி மரியாதையாக வாங்கிக் காரில் வைத்ததன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

பெட்ரோல் ஊற்றுவது வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு. பக்கத்தில் பீடி கூடாது. தீயணைக்கும் சாதனம் இருக்க வேண்டும். பொறிக்கு ஒரு பேட்டரி, ரேடியோவுக்கு வேறு பேட்டரி. இரண்டின் கம்பிகளும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது. அந்த மாமியார் மருமகள் சங்கடம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ரேடியோ எட்டுகிற தூரத்தை எஞ்சின் ஓடாதபோது ஒரு தரம், ஓடும்போது ஒரு தரம் சோதிக்க வேண்டும். நின்றிருக்கும்போது காது கேட்கிற பெட்டி, எஞ்சினின் பொறியிலும் அதிர்ச்சியிலும் செவிடாகிவிடலாம். சமிக்ஞை அறுந்துபோனால் எஞ்சின் தானாகவே அடங்கும்படி முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும். கையில் உள்ள பெட்டியை அணைத்துப் பார்த்து, அது உண்மையிலேயே அடங்குகிறதா என்று தரையில் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் முதலில் கிளப்பியதும், பறக்கவிடாமல், ஒரு தரம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

"ஓடுதான்னு எல்லாரும் பாப்பாங்க சாமி. நிக்குதான்னு பாக்கறவனுக்குத்தான் பத்து விரலும் மிஞ்சும்" என்றார் அவர், ஒன்பதரை விரல்களைப் பிசைந்துகொண்டு.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, இந்த எஞ்சினால் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். மின்கலத்தில் ஓடுகிற டிரோன்கள் கல்யாண வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்த நாளில் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு கிழவருடைய கதையைச் சொல்கிறேன்.

மேனார்ட் ஹில் என்பவர் உலோக விஞ்ஞானி. இரட்டையரில் வால்டர் குட் வேலை பார்த்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, பொம்மை விமானத்தை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அனுப்புவது என்று தீர்மானித்தார். அப்போது அவருக்குக் கண் அநேகமாகத் தெரியாது. காதும் சரியாகக் கேட்காது. சர்வதேச விதிப்படி விமானம் எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்கு மேல் கனக்கக் கூடாது. எஞ்சின் 10 சி.சி.க்கு மேற்படக் கூடாது. பிலடெல்பியாப் பையன் கடைந்தானே, அதே 10 சி.சி.! எரிபொருள், முகாம் விளக்குகளில் ஊற்றுகிற சுத்தமான வெள்ளைப் பெட்ரோல். நம்முடைய பெட்ரோமாக்ஸுக்கு அந்த விளக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதலில் அனுப்பிய விமானங்கள் கடலோடு போயின. அவர் சளைக்கவில்லை.

2003 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மாலை, நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ஸ்பியர் முனையிலிருந்து ஐந்தாவது விமானம் கிளம்பியது. நடுக்கடலில் அதைப் பார்க்க யாரும் இல்லை. அது தன் இடத்தைச் செயற்கைக்கோள்கள் வழியாகத் தானே தெரிந்துகொண்டு பாதை தவறாமல் போயிற்று. 38 மணி 52 நிமிஷம் கழித்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் காத்திருந்தவர்களின் கண்ணில் பட்டது. அங்கே நின்ற டேவ் பிரவுன் ரேடியோவால் அதைத் தம் வசம் வாங்கி, மானின் கடற்கரையில் இறக்கினார். 1919-ல் அல்காக்கும் பிரவுனும் முதன்முதலாக இடையில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்கிய கிளிஃப்டன், அதற்குப் பக்கத்து ஊர்தான்.

பாஸெட்டின் விமானம் இரண்டரை மணி நேரம் பறந்தது; அது எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியாது. ஹில்லின் விமானம் ஏறக்குறைய முப்பத்தொன்பது மணி நேரம் பறந்தது. அது எங்கே இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. எஞ்சின் அளவு ஒன்றுதான். இடையில் சென்ற எழுபது வருஷங்களில் மனிதன் கற்றுக்கொண்டது அந்த மற்றப் பாதிப் பாடத்தை.

போன மாதம் மறுபடி குளக்கரைக்குப் போயிருந்தேன். மேஸ்திரியின் பேரன், பன்னிரண்டு வயதிருக்கும், முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பப் போகிறான். வாலைக் கட்டினான். கட்டையால் தட்டினான். எஞ்சின் உறுமியது. பையனின் முகத்தில் அர்ச்சுனனுடைய கர்வம். தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றும் பாராட்டவில்லை. கையை மட்டும் அசைத்தார். பையன் பின்பக்கமாகச் சுற்றி வந்து சுவிட்சைத் தட்டினான். உறுமல் நின்றது. காற்றில் கலந்திருந்த விசிறி, இரண்டு இறக்கையுள்ள மரத்துண்டாக மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

"ம்... இப்பச் சரி" என்றார் மேஸ்திரி.

நான் என் வலது கையை ஜிப்பாப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். அதுவரையில் அதைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.